ஹேப்பன் என்றாள் டோரீன்

கல்யாணம் பண்ணிக்கலாமா என்று ஹெட்லி கேட்டபோது டோரீன் "ஹேப்பன்" என்றாள். அன்று அது அவனுக்குத் தேனாக இனித்தது. யார்க்‌ஷயரில் 'ஒருவேளை'க்கு அதுதான் சொல். அந்த ஊர்க்காரர்கள் அழுத்தக்காரர்கள். சின்ன விஷயம் என்றால் யோசிக்காமல் 'ஆமா' என்பார்கள். உயிரைக் கொடுத்துச் செய்யப்போகிற காரியத்துக்குத்தான் 'ஹேப்பன்'. நாளை நடப்பதற்குச் சத்தியம் பண்ண நாம் யார் என்கிற அடக்கம். தொட்டில் பிள்ளைக்கும் அங்கே இது தெரியும். ஹெட்லிக்கும் தெரியும், லண்டனிலிருந்து பெல்லம் வந்து சேரும்வரை.

டோரீன் தறி ஓட்டும் ஆலைக்குப் புது மேலாளர் இந்தப் பெல்லம். கிராப்புத் தலையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். சனிக்கிழமை நடனத்துக்கு வருகிறாயா என்று டோரீனைக் கேட்டானாம். "ஆமா, வரேன்" என்றாளாம். கேள்விப்பட்ட ஹெட்லிக்கு வயிறு பற்றி எரிந்தது. அவனுக்கு ஆமா, எனக்கு ஒருவேளையா?

நடனத்துக்கு மறுநாள் மதுக்கடையில், யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமலே பெல்லம் எண்ணெய் ஊற்றினான். "எங்க பக்கம் ஒரு பொண்ணு 'ஒருவேளை'ன்னா முடியாதுன்னு அர்த்தம் தம்பி. மனசு நோகாம சொல்றது."

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. பொறாமைக்காரனுக்குக் காதும் மட்டு. பிறந்ததிலிருந்து பேசிய சொல்லை ஹெட்லி லண்டன்காரன் காதால் கேட்க ஆரம்பித்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் டோரீன் அவனுடைய ரூபார்ப் கொட்டகைக்கு வந்தாள். அந்தப் புளிப்புத் தண்டுச் செடிக்கு வெளிச்சம் ஆகாது. இருட்டில் வளர்த்து, மெழுகுவத்தி ஏற்றித்தான் பறிப்பார்கள். அவளும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"ஆடி ஆடிக் கால் வலிக்கலையா?" என்றான் ஹெட்லி.

"நான் மட்டுமா போனேன்? தறிக்காரப் பொண்ணுங்க எல்லாருந்தான் போனோம். உன்னையும் கூப்பிட்டேன், வேலை இருக்குன்ன."

"அவனுக்கு ஆமா, எனக்கு ஹேப்பன். மதில்மேல் பூனையா உக்காந்துக்கிட்டு எந்தப் பக்கம் குதிக்கலாம்னு பாக்கிற."

டோரீன் கூடையைக் கீழே வைத்தாள். "ஆலை வேலைய விடப்போறேன்னு சொல்லிட்டேன். உன் வீட்டு ஜன்னலுக்கு அம்மா திரை தைக்குது. எல்லாம் அந்த ஹேப்பனை நம்பித்தான். இந்த ஊர்ல பொறந்த உனக்கு நான் அர்த்தம் சொல்லணுமா?"

அந்த இடத்திலாவது வாயை மூடியிருக்கலாம், பாவி. அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணுக்குள் பெல்லத்தின் தலை பளபளத்துக்கொண்டே இருந்தது.

"சுத்தி வளைக்காத. அவனைப் பிடிச்சிருக்கா இல்லையா?"

"அவனைப் பத்தி நான் நினைச்சதே இல்ல. நீதான் ராவும் பகலும் நினைச்சுக்கிட்டு இருக்க."

"அப்ப நமக்குள்ள முடிஞ்சுபோச்சுன்னு சொல்லு. முடிஞ்சுதா?" அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்துத்தான் மிரட்டினான்.

டோரீன் ஒரு மூச்சு நேரம்கூட யோசிக்கவில்லை.

"ஆமா" என்றாள்.