கத்தரி பிடித்த கயிறு

கலைவிழாக்களுக்கு அரசு தரும் மானியத்தை வெட்டுவது அந்த அதிகாரிக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனாலேயே அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர்.

அன்று ஒரு நாடக விழாவை ஆய்வு செய்யப் போனவர், மேடையின் பக்கவாட்டில் போய் நின்றார். விழா நடத்தும் அம்மா, ராஜா வேடக்காரரின் கிழிந்த அங்கியை உடம்போடு வைத்தே தைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சும்மாதானே நிக்கிறீங்க? இந்தக் கயித்தப் பிடிங்க. கொக்கி உடைஞ்சிருச்சு. விட்டீங்கன்னா திரை ராஜா தலையிலதான் விழும்."

"நான் யாருன்னு தெரியுமா..."

"உஷ்! ஆரம்பிச்சாச்சு."

கத்தரிக்கு எதிரே அட்டை அரண்மனையின் முதுகுதான் தெரிந்தது. நாடகம் துளியும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அந்த அம்மாதான். வசனம் மறந்தவருக்கு எடுத்துக் கொடுத்தார். ராணியின் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே தகரத்தைக் குலுக்கி இடி இடிக்க வைத்தார். குழந்தை தூங்கிவிட்டது. காலில் சக்கரம் கட்டிய மனுஷி! அரங்கம் வயிறு குலுங்கச் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சியது. கத்தரிக்குக் கை மரத்துப்போனது. ஆனாலும் விடவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் அம்மா வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். "நல்ல பிடி அண்ணே. நாளைக்கும் வந்துருங்க."

வெளியே வந்ததும் மேலதிகாரி போனில் கேட்டார். "நாடகம் எப்படிய்யா? எவ்வளவு வெட்டலாம்?"

"நான் நாடகத்தப் பாக்கவே இல்ல சார். ஆனா மானியத்தக் கூட்டிக் குடுங்க. அந்தம்மா கயிறு பிடிக்க ஒரு ஆள் போட்டுக்கட்டும். அடுத்த வருஷமாச்சும் நான் உக்காந்து பாக்கணும்."