வாசல் வரைக்கும்

டெய்லர் ஆஸ்பத்திரி அறையிலிருந்து வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு பெண்களும் எழுந்து நின்றார்கள். வகுப்புக்குள் ஆசிரியர் நுழைந்தால் எழுவார்களே, அதே மாதிரி. இன்னும் ஓட்டப் பந்தய உடையில்தான் இருந்தார்கள். நீல பனியன், முதுகில் வெள்ளை எண். அந்த எண்களை வெட்டித் தைத்தவர் அவர்தான். ஒருத்தியின் முதுகில் ஏழு லேசாகக் கோணியிருந்தது இப்போதுதான் கண்ணில் பட்டது.

"உக்காருங்கம்மா" என்றார். யாரும் உட்காரவில்லை.

உள்ளே அவர் மனைவி கிடந்தாள். இந்தப் பெண்களின் விளையாட்டு டீச்சர். மத்தியானம் மாவட்டப் போட்டியில் தொடர் ஓட்டம் முடிந்த கையோடு புல்லில் உட்கார்ந்தவள், அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கூட வந்திருந்த கணக்கு வாத்தியார் போன் செய்தபோது டெய்லர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு மச்சினனின் வண்டியில் ஏறி வந்திருந்தார்.

கணக்கு வாத்தியார் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். டீச்சரின் பையை அவர் கையில் கொடுத்தார்.

"மைதானத்துல நடந்ததால போலீஸ்ல எழுதிக் குடுக்கணுமாம். நான் இங்க இருந்துதான் ஆகணும். ஆம்புலன்ஸ் ரெடியா இருக்கு, நீங்க டீச்சரோட கெளம்புங்க. புள்ளைங்களை வேன் டிரைவரோட அனுப்பிடறேன். நல்ல மனுஷன்தான்."

"தனியாவா சார்?" என்றாள் நால்வரில் உயரமானவள். பள்ளியின் பேச்சுப் போட்டிக்கெல்லாம் அவள்தான் போவாள். அதனால் எல்லோருக்கும் அவள் வக்கீல். "டீச்சர் எங்கப்பாகிட்ட வாக்கு குடுத்து கூட்டிட்டு வந்தாங்க சார்."

பக்கத்திலிருந்தவள் அவள் கையைக் கிள்ளினாள். வக்கீல் தலையைக் குனிந்துகொண்டாள்.

என்ன வாக்கு என்று டெய்லருக்குத் தெரியும். நால்வரில் இருவர் அக்கா தங்கை; போன மாதம் அவர்களின் மூன்று வீடுகளுக்கும் அவர்தான் மனைவியைப் பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். அவர் தெருவிலேயே நிற்பார். அவள் வாசலில் நின்று பேசுவாள். எல்லா வீட்டிலும் கடைசியில் ஒரே பேச்சு. "நானே கூட்டிட்டுப் போறேன், நானே உங்க வாசல்ல கொண்டுவந்து விடறேன்." வக்கீலின் அப்பா மளிகைக் கடைக்காரர். மூன்று முறை போன பிறகுதான் தலையாட்டினார்.

அந்தப் பள்ளிக்கூடம் ஒரு தானியக் கிடங்கில் ஆரம்பித்தது. செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளத்தை ஊர்க்காரர்கள் வண்டி வண்டியாக மண் கொட்டி நிரப்பி மைதானமாக்கினார்கள். ஆனால் மைதானம் பையன்களுக்கு என்றே ஆகிவிட்டது. விளையாட்டு வகுப்பில் பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து பூத்தையல் போட்டார்கள். பேண்டு வாசிக்கலாம், நாடகத்தில் நடிக்கலாம், ஓடக் கூடாது. டீச்சராக அவள் வேலைக்குச் சேர்ந்த வாரமே அவர்களிடமிருந்து ஊசிநூலையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து கணவனிடம் கொடுத்துவிட்டாள். "உங்க கடைக்கு ஆகும், வச்சுக்கோங்க" என்றாள். ஹெட்மாஸ்டர் அறையின் கண்ணாடி அலமாரியில் பள்ளி வாங்கிய ஒரே கோப்பை இருந்தது. பேச்சுப் போட்டியில் கிடைத்தது. அதற்குள் சாக்பீஸ் போட்டு வைத்திருந்தார்கள். இன்று ஓடியதுதான் பள்ளியின் முதல் மாவட்ட இறுதிச் சுற்று.

மச்சினன் ஆம்புலன்ஸ் பக்கமிருந்து வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அத்தான், ஒருத்தர்தான் உள்ள உக்கார முடியுமாம். நீங்க ஏறுங்க. நான் பின்னாலயே வண்டில வர்றேன்."

டெய்லர் பெண்களைப் பார்த்தார். பிறகு அறைக் கதவைப் பார்த்தார்.

"நீ ஏறிக்கோ. வண்டி இங்கயே நிக்கட்டும், நாளைக்கு எடுத்துக்கலாம்."

"நீங்க?"

"நான் வேன்ல வர்றேன். இந்தப் புள்ளைங்களை விட்டுட்டு."

"என்ன பேசறீங்க அத்தான். அக்காவைத் தனியா அனுப்பிட்டு? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"தனியா எங்க? நீதான் இருக்கியே." அவனை ஆம்புலன்ஸ் பக்கமாகத் திருப்பிவிட்டார். "வளைவுல தலை ஆடும். புடிச்சுக்கோ."

ஆம்புலன்ஸ் முன்னால் போயிற்று. வேன் அதன் பின்னாலேயே வந்தது. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து டெய்லர் அதன் பின்கதவையே பார்த்துக்கொண்டு வந்தார். கதவில் ஒரு இடத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. ஊருக்குள் நுழைவதற்கு முன் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஆம்புலன்ஸ் நேராகப் போனது. டிரைவர் வேகத்தைக் குறைத்து அவரைப் பார்த்தார்.

"இடது பக்கம் திருப்புங்க" என்றார் டெய்லர்.

கடைசி இருக்கையில் யாரோ விசும்புவது கேட்டது. திரும்பிப் பார்த்தார். குருவி. சின்ன உடம்பு, வேகமான கால். டீச்சர் வைத்த பெயர் அது. முழங்காலைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் ஒடுங்கியிருந்தாள். டெய்லர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னம்மா?"

"நான்தான் மாமா குச்சியைக் கீழ போட்டேன்."

முன் இருக்கையில் இருந்த அக்கா தங்கை இருவரும் திரும்பினார்கள். மூத்தவள்தான் குருவியின் கையில் கோலைக் கொடுத்தவள். "நானும்தான் மாமா. நான் சரியா குடுக்கல" என்றாள்.

"இல்ல, நான்தான் விட்டுட்டேன். ரெண்டாவதா வந்துட்டிருந்தோம் மாமா. நான் விட்டதும் டீச்சர் தலையில கை வச்சாங்க. நான் பார்த்தேன். அதனாலதான் அவங்களுக்கு நெஞ்சு..."

அவள் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

அப்படியெல்லாம் இல்லை என்று யாரும் சொல்லலாம். அவள் நம்பமாட்டாள். வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் நம்பமாட்டாள். மடியிலிருந்த டீச்சரின் பையைத் திறந்தார். மேலே அவளுடைய விளையாட்டுக் கோட்டு மடித்து வைத்திருந்தது. அதை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இடது மார்புக்கு நேரே ஒரு சின்னப் பை, அதே துணியில், வெளியே தையல் தெரியாத மாதிரி.

"இதுல கை விட்டுப் பாரு."

குருவி விட்டாள். ஒரு மாத்திரை அட்டை வந்தது. பாதி காலி.

"போன வருஷமே டாக்டர் சொல்லிட்டார். இதயம் பலவீனமா இருக்கு, வெயில்ல நிக்கக் கூடாது, இந்த வேலையை விட்டுடுங்கன்னு. இந்தப் பையை நான்தான் தைச்சுக் குடுத்தேன். வேற யாருக்கும் தெரியாது. அவ தம்பிக்குக்கூடத் தெரியாது."

"ஏன் மாமா சொல்லல?" என்றாள் வக்கீல்.

"சொன்னா ஸ்கூல்ல மைதானத்துக்கு விட மாட்டாங்களே. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா." அவர் கோட்டை மடிக்க முயன்றார். மடிப்பு கோணிக்கொண்டு போயிற்று. வக்கீல் வாங்கி மடித்தாள். "காலையில கெளம்பறப்பவே மூச்சு வாங்குச்சு. நான் பார்த்தேன். ஒருநாள் போகாம இருன்னு சொன்னா கேக்கற ஆளா? நானும் சொல்லல."

பிறகு குருவியைக் கேட்டார்: "கீழ விழுந்ததும் நீ என்ன பண்ணே?"

"எடுத்துட்டு ஓடினேன். கடைசியாத்தான் வந்தேன்."

"டீச்சர்?"

"எல்லைக்கோடு கிட்ட வந்து கை தட்டினாங்க. தண்ணி பாட்டிலைக் குடுத்தாங்க. அப்புறம்தான் உக்காந்தாங்க."

"அவ்வளவுதான்மா நடந்தது" என்றார் டெய்லர்.

அக்கா தங்கை வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். விஷயம் முன்பே வந்து சேர்ந்திருந்தது. வேனிலிருந்து டெய்லர் இறங்குவதைப் பார்த்ததும் படியிறங்கி ஓடி வந்தார். "நீங்க எதுக்குங்க" என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் கையைக் கூப்பினார்.

மளிகைக் கடைக்காரர் கடைப் பலகையை ஒவ்வொன்றாகப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். மகள் இறங்கி உள்ளே போகும்வரை பார்த்திருந்தார். பிறகு ஒரு பாட்டில் தண்ணீரைத் திறந்து நீட்டினார். டெய்லர் குடித்த பிறகுதான் மத்தியானத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்பது தெரிந்தது.

"இவ்வளவு பேசறவ, இன்னிக்கு வாயைத் திறக்காம போறா" என்றார் கடைக்காரர். "அடுத்த போட்டி எப்பன்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும். டீச்சர் இருந்தா அவங்க சொல்லுவாங்க."

"ஹெட்மாஸ்டரைக் கேக்கறேன்" என்றார் டெய்லர்.

குருவியின் வீடு பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கடைசி. அவள் அம்மா வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும், புடவை முழுக்கச் செங்கல் தூசி. மகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். குருவி மாத்திரை அட்டையை இன்னும் கையில் வைத்திருந்தாள். டெய்லர் கேட்டு வாங்கவில்லை.

வீட்டுக்கு முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டது. கூட்டம் விலகி வழிவிட்டது. அவருடைய அக்கா வாசற்படியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எங்கடா போயிட்டே? வந்து எவ்வளவு நேரமாச்சு. கட்டினவன் கூட வராம, பாவம், தம்பிகூட வந்து இறங்கறா. ஊரே கேக்குது."

"கொஞ்சம் வேலை இருந்துச்சுக்கா."

"இன்னிக்கு என்னடா வேலை உனக்கு?"

மச்சினன் எழுந்து வந்து, "உள்ள போங்க அத்தான்" என்று தோளைத் தொட்டான்.

கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். யாரோ தலைவாரிப் படியவைத்திருந்தார்கள். தலைமாட்டில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்ததால் அவருக்குக் கால்மாட்டில்தான் இடம் இருந்தது. அங்கேயே உட்கார்ந்தார். போர்வை கொஞ்சம் ஏறியிருந்தது. வெயிலில் நின்று நின்று முழங்காலுக்குக் கீழே கறுத்துப்போயிருந்த கால், கணுக்காலில் வந்ததும் கோடு கிழித்தாற்போல நின்று, அதற்குக் கீழே பாதம் வெளுப்பாக, யாரோ சின்னப் பெண்ணுடையதைப் போல இருந்தது. காலுறையின் எலாஸ்டிக் பதிந்த தடம் இன்னும் மறையவில்லை. துணியில் மடிப்பை நீவிவிடுவது போல அவர் கட்டைவிரலால் அந்தத் தடத்தின் மேல் மெதுவாக நீவினார். திரும்பவும் நீவினார்.