மேனேஜர் குளிக்கும் பத்து நிமிடம்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. ஒரு மருந்துப் புட்டிதான் எழுத வைத்தது. 'நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு அலசவும்' என்று அதன்மேல் ஒட்டியிருந்தது. ஆகவே இந்தக் கதையைச் சத்தமாக, நிதானமாகப் படித்தால் பத்து நிமிடம் ஆக வேண்டும். குறைந்தால் மருந்து பிடிக்காது, கூடினால் தோல் எரியும். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் இவ்வளவு கறாராக என்னிடம் அளவு சொன்னதில்லை.

கதாநாயகன் எங்கள் வீட்டு நாய். பெயர் மேனேஜர். நாள் முழுக்க வீட்டைச் சுற்றிவந்து எல்லோர் வேலையையும் பார்வையிடுவான், தான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடமாட்டான். அதனால் அந்தப் பெயர்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட அந்தக் குட்டி, அன்றிலிருந்து தண்ணீரைக் கண்டாலே...'

அப்படியே நிறுத்திவிட்டேன். அப்பட்டமான பொய். மேனேஜர் எந்த வெள்ளத்தையும் பார்த்ததில்லை. அடுத்த தெரு பேக்கரிக்காரர் வீட்டில், காய்ந்த சாக்கின் மேல் சுகமாகப் பிறந்தவன். மழையில் ஆசையாக நனைவான். குளியலறைக் கதவைக் கண்டால் மட்டும் நான்கு காலும் உதறும், நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விடும்.

[கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் அவன் பயத்துக்குப் பவுடர் பூசியதுபோல் ஆகிவிடும். இருக்கட்டும்.]

2, மறுபடியும்

சரியான தொடக்கம் கால்நடை மருத்துவமனையில் இருக்கிறது. டாக்டரம்மா அவன் இடது காதைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார்.

"தோல்ல பூஞ்சை பரவிட்டிருக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவை இந்த மருந்து போட்டுக் குளிப்பாட்டணும். ஆறு வாரம். விட்டீங்கன்னா காதுக்குள்ள இறங்கிடும். இடது காது இப்பவே கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கு."

"இறங்கிட்டா?"

"காது கேக்காம போயிடும்மா."

தெருமுனையில் என் கணவரின் வண்டிச் சத்தம் கேட்டதுமே எழுந்து வாசலுக்கு ஓடுகிறவன் அவன். வீட்டுக்கு வந்ததும், அவன் படுத்திருந்த மேசைக்கு அடியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

3

கணவர் லிப்ட் மெக்கானிக். முதல் பிரதியில் அவரை வில்லனாக்கியிருந்தேன். முதல் மருந்துக் குளியலில் மேனேஜரைச் சாக்கால் போர்த்தி, தூக்கி, கதவைச் சாத்தி, அமுக்கிப் பிடித்தவர் அவர்தானே. படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார்.

"அமுக்கினேன், ஒத்துக்கிறேன். வாளியை ஒளிச்சு வெச்சது யாரு? பூனை மாதிரி வந்து அவனைப் பின்னாடியிருந்து பிடிச்சது யாரு?"

நான்தான். குளியல் நாளன்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே மாட்டோம். கண்ஜாடை, நுனிக்கால் நடை. வீடே வாயடைத்துப் போகும். அவனுக்குத் தெரியக்கூடாதாம்.

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "லிப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா நான் முதல்ல ஸ்பேனரை எடுக்கமாட்டேன், தெரியுமா? வெளியில நின்னு பேச ஆரம்பிப்பேன். வேலை பார்த்துக்கிட்டே பேசுவேன். பேச்சு நின்னாத்தான் உள்ள இருக்கிறவங்க அலறுவாங்க."

"என்ன பேசுவீங்க?"

"எதையாவது. ஒரு அம்மாகிட்ட என் மாமனார் மீசையைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசியிருக்கேன்."*

மேனேஜர் பயந்தது தண்ணீருக்கு அல்ல, எங்கள் மௌனத்துக்கு. நான் வில்லனைத் தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன்.

* அது என் அப்பா. அந்த மீசையில் முக்கால் மணி நேரத்துக்கு விஷயம் உண்டு.

5

[நான்காம் பகுதி நனைந்து கூழாகிவிட்டது. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, தத்துவம்தான்.]

பயந்தவனை அமுக்கினால் காதில்தான் தண்ணீர் போகும் என்று டாக்டரம்மா இரண்டு வாரம் பொறுக்கச் சம்மதித்தார். ஈரமில்லாத குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். கதவைத் திறந்து வைத்து, இந்தக் கதையின் பிரதியைச் சத்தமாகப் படித்தேன். அவன் கூடத்தின் கோடியில் நின்றான். நாடகபாணியில் குரலை உயர்த்தினால் ஓர் அடி பின்னால் போனான். அந்த வரிகளையெல்லாம் வெட்டினேன். இந்தக் கதையில் ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை, தேடிப் பாருங்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை, அந்த வெள்ளத்துப் பொய்யைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அவன் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தான். ஒரு டைல், இன்னொரு டைல், ஆறு டைல். என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தான்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். என் எழுத்து யாரையும் ஓர் அங்குலமாவது நகர்த்தியதாக எனக்குத் தகவல் இல்லை. அன்று நடுங்கும் ஓர் உயிரை ஆறு டைல் நகர்த்தியது. அதுவும் அவனுக்கு ஒரு சொல்லும் புரியாமல். குரல் என்பது இவ்வளவு பெரிய காரியமா என்று வாயைப் பிளக்கத் தோன்றியது, ஆனால் படிப்பதை நிறுத்தக்கூடாதே. அழுதுகொண்டே படித்தேன்.

பிறகு ஈரத் துண்டு வந்தது. பிறகு ஒரு குவளைத் தண்ணீர். பிறகு நுரை.

6

இன்று கடைசிக் குளியல். நாளை டாக்டரம்மா காதைச் சோதிப்பார். இரண்டு முடிவுகளை எழுதி வைத்திருந்தேன்.

அ) இடது காது பிழைத்தது.

ஆ) இடது காது

அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டாவதைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை.

நுரை ஊறி ஒன்பது நிமிடம் ஆகிறது. இன்னும் ஒரு நிமிடத்தில் அலச வேண்டும். காதோரம் ஊற்றும்போது என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், பேச்சு நின்றுவிடுகிறது. வழக்கமாக அந்த நேரம் தாளை வாங்கிப் படிப்பவர் என் கணவர். இன்று எங்கேயோ யாரோ லிப்டில் மாட்டிக்கொண்டார்களாம், பேசப் போயிருக்கிறார்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். இத்தனை நாளும் நாங்கள் அவனுக்கு வலது பக்கமாகவே உட்கார்ந்து படித்தோம். அந்தக் காதுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்துவிடுமோ என்று இடது பக்கம் உட்காரத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் இடது பக்கம் வாருங்கள். ஒரு கையில் குவளை எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு கையால், தண்ணீர் போகாமல், அவன் வலது காதைப் பொத்திக்கொள்கிறேன். இனி அவனுக்கு இருப்பது அந்த ஒரு காதும் உங்கள் குரலும்தான்.

எந்த வரியிலிருந்து வேண்டுமானாலும் படியுங்கள். அந்தப் பொய்யான வெள்ளமானாலும் சரி. குரலை உயர்த்த வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

நான் தண்ணீர் ஊற்றப்போகிறேன். அவன் நடுங்காமல் நிற்கிறானா என்று நீங்கள் பாருங்கள்.