நெஞ்சுக்குள் போனவர்கள்

அந்த ஊரில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதில்லை, ஆள் கொடுப்பார்கள். குழந்தைவேலுவின் நெஞ்சில் கிருமிகள் குடியேறியபோது மருந்துக்கடையிலிருந்து காக்கிச் சட்டைக்காரர்கள் பத்துப் பேர் வந்தார்கள். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று ஐந்து நாள், சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வாய் வழியாக உள்ளே இறங்க வேண்டும். முறை வராதவர்கள் வாசல் பெஞ்சில் காத்திருந்தார்கள்.

அவர் உடம்புக்கென்று சொந்தக் காவல்காரர்களும் உண்டு. வெள்ளை உடுப்புக்காரர்கள். ஒருதரம் பார்த்த முகத்தை மறக்கவே மாட்டார்கள். வந்திருந்த கிருமிகளோ அவர்கள் பார்த்தே இராத கூட்டம். அடையாளம் பிடிபடுவதற்குள் காவல்காரர்களில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள்.

அவர் மனைவி தெய்வாத்தாள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள், அடுப்படிக்குப் போவாள், பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி தொட்டுப் பார்ப்பாள். மூன்றாம் நாள் மாலை ஆறாவது ஆள் இறங்கியதும் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. மீதி நால்வரும் சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பக்கத்து வீட்டு ராமாத்தாளுக்கு இருமலுங்க. நீங்க அங்க போங்க."

"அஞ்சு நாள் வேலைங்க அம்மிணி," என்றார் காக்கிகளில் பெரியவர்.

"அதான் காச்சல் போயிருச்சல்லங்க."

அவர்கள் எழுந்து போனார்கள்.

நான்காம் நாள் குழந்தைவேலு மறுபடி இருமினார். ஆறாம் நாள் அவரால் படுக்க முடியவில்லை. தெய்வாத்தாள் ஓடிப்போய் இன்னும் பத்துக் காக்கிகளைக் கூட்டி வந்தாள். முதல் ஆள் இறங்கியதும் அவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள்.

"வாங்க வாங்க, உக்காருங்க," என்றது உள்ளே ஒரு குரல்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் வெளியே ஏறி வந்து சட்டையை உதறிக்கொண்டார். "செத்தது போக மிச்சம் இருந்ததுக எங்களை நல்லாப் படிச்சு வெச்சிருக்குதுங்க. எந்தப் பக்கம் கை ஓங்குவோம்னு முன்னாலயே தெரிஞ்சு நகந்துக்குது."

தெய்வாத்தாள் டாக்டர் வீட்டுக்கு ஓடினாள். கட்டின புருஷனைத் தன் அவசரமே கொன்றுவிடும் போலிருந்தது.

டாக்டர் வந்து நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். "இனிப் புது முகம்தான் வேணும்." அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக உங்களைப் பாத்திருக்குதா?"

"இல்லீங்க. முப்பது வருஷத்துல அவரு மனசுக்குள்ள என்னன்னு நான் எட்டிக்கூடப் பாத்ததில்லீங்க."

டாக்டர் மருந்துச் சீட்டில் அவள் பெயரை எழுதினார். ஒரே வேளை, வெந்நீருடன்.

தெய்வாத்தாள் அவருக்கு ரசஞ்சாதம் ஊட்டினாள். தொண்டையில் கீறிவிடக் கூடாதென்று வளையலையும் மெட்டியையும் கழற்றி ஜன்னல் மேல் வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏனம்மிணி, கசப்பியா?" என்றார் குழந்தைவேலு.

"தெரியலீங்க. இதுவரைக்கும் என்னைய யாரும் முழுங்குனதில்லை."

அவர் ஒரு கையில் டம்ளரை எடுத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.