சுண்டுவுக்கு இரண்டு முடிவுகள்

1

இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்காள் மகள் கேட்டாள், எழுதுகிறேன். கேட்டாள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. மாடிப்படி ஏறி வந்தாள், என் நாற்காலிக்கு எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"சித்தி, என் கதைக்கு ரெண்டு முடிவு எழுதிக் குடு. எது நல்லா இருக்கோ அதுபடி நடந்துக்கறேன்."

வயது முப்பத்தொன்று. வேலை, விமானம் ஓட்டுவது. அத்தனை பேரின் உயிரை அவளை நம்பி ஒப்படைக்கிறார்கள். அவளோ தன் வாழ்க்கையைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் ஒப்படைக்கிறாள். எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது.

வீட்டில் அவளுக்குச் சுண்டு என்று பெயர். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள். இப்போதும் பிரமாதமாக வளர்ந்துவிடவில்லை. விமானத்தில் ஏறியதும் முதல் வேலையாக இருக்கையை முன்னால் இழுத்துக்கொள்வாள். கதைக்காகக் கொஞ்சம் உயரமாக்கிவிடலாமா என்று நினைத்து, "நெடிய உருவம், தீர்க்கமான கண்கள், காற்றில் அலையும்" என்று ஆரம்பித்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும். சுண்டு குள்ளமாகவே இருப்பாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மேலை வானம் சிவந்திருந்தது. தொலைவில் ஓர் உலோகப் பறவை" — வேண்டாம். விமானத்தை உலோகப் பறவை என்று எழுதினால் சுண்டு என் பேனாவைப் பிடுங்கிவிடுவாள்.

இரண்டாம் முயற்சி: "விமானியின் வாழ்க்கை மேகங்களுக்கு நடுவே" — பொய். சுண்டுவின் வாழ்க்கையில் பாதி, இஸ்திரிக்குப் போட்ட வெள்ளைச் சட்டை வந்துவிட்டதா என்ற கவலையிலேயே போகிறது.

மூன்றாம் முயற்சி: "சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு விமானம் போகும். அந்தச் சத்தம் கேட்டதும் அக்கா அடுப்பைப் பற்றவைப்பாள்."

இது நிற்கிறது. ஏனென்றால் இது நடப்பது. விமான நிலையச் சாலையின் கடைசியில் எங்கள் வீடு. மாடியில் நான், கீழே அக்காவும் சுண்டுவும். அத்தான் போனபிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டே பேர். நிலையமும் வீட்டைப் போலச் சின்னதுதான். ஒரே ஓடுபாதை, ஒரே டீக்கடை, பெட்டி வரும் பட்டை ஒன்று. அதுவும் பாதி நாள் ஓடாது. சுண்டு துணை விமானியாக இருக்கும் கம்பெனியில் இருப்பவை இறக்கையில் விசிறி வைத்த சின்ன விமானங்கள். தலைக்கு மேல் தாழ்வாக, கடகடவென்று போகும். அவள் இறங்கி, கையெழுத்துப் போட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்காவின் குழம்பு கொதி வந்திருக்கும். இத்தனை வருஷத்தில் அக்கா கடிகாரத்தைப் பார்த்துச் சமைத்து நான் பார்த்ததில்லை.

3

(இது ஓர் அடிக்குறிப்பு. அடியில் வைத்தால் நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்பதால் நடுவில் வைத்திருக்கிறேன்.)

வானத்தில் விமானத்தை யாரும் கம்பெனி பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் அழைப்புப் பெயர் உண்டு. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் அந்தப் பெயரையும் எண்ணையும் சொல்லிக் கூப்பிடுவார். விமானியும் அதையே சொல்லிப் பதில் கொடுக்கவேண்டும். உண்மையான பெயர்களை எழுதினால் வம்பு. அதனால் நானே இரண்டு வைத்திருக்கிறேன். சுண்டுவின் சின்னக் கம்பெனி, தும்பி. அவளை இப்போது வேலைக்குக் கூப்பிட்டிருக்கும் பெரிய கம்பெனி, மகுடம். இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று சுண்டு சொல்லிவிட்டாள். நீங்களும் சொல்லிவிடுங்கள், மேலே போவோம்.

4

கட்டுரை மாதிரி கொஞ்சம் எழுதியே ஆகவேண்டும். கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

விமானி வேலைக்கு ஆள் எடுப்பது வருஷா வருஷம் ஒழுங்காக நடக்கிற காரியம் அல்ல. சில வருஷங்கள் ஈ காக்கை சீந்தாது. படித்து முடித்தவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுண்டுவும் அப்படித்தான், ஒரு மருந்துக் கம்பெனியில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திடீரென்று ஒரு காலம் வரும். பெரிய கம்பெனி புதிய விமானங்களாக வாங்கித் தள்ளும், மூத்த விமானிகள் வயதாகி ஓய்வுபெறுவார்கள், கதவு திறக்கும். சின்னக் கம்பெனிகளில் இருப்பவர்களெல்லாம் அந்தப் பக்கம் ஓடுவார்கள். சின்னக் கம்பெனி பதறும். இருப்பவர்களைப் பிடித்துவைக்க என்னவெல்லாமோ தருவதாகச் சொல்லும்.

சுண்டுவுக்கும் அதுதான் நடந்தது. மகுடம் கூப்பிட்டது. தும்பிக்குச் சேதி எட்டியது. "நீ போகாதேம்மா, உன்னைக் கேப்டனாக்கிவிடுகிறோம்" என்றது.

கேப்டன் என்றால் இடதுபக்க இருக்கை. சுண்டு அந்த இருக்கையைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். மகுடத்தில் அந்த இருக்கைக்குப் பல வருஷம் காத்திருக்கவேண்டும். அங்கே எல்லாம் வரிசை எண். என்றைக்குச் சேர்ந்தோமோ அதுதான் எண், அந்த எண்தான் விதி. எந்த ஊர், எந்த விமானம், எப்போது லீவு, எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு வாரம் தள்ளிச் சேர்ந்தால், அந்த வாரத்தில் சேர்ந்த அத்தனை பேருக்கும் பின்னால் காலம் முழுக்க நிற்கவேண்டும். அதனால் யோசித்துச் சொல்கிறேன் என்று இழுக்க முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

இதுதான் கதை. இங்கேயே இருந்தால் கேப்டன், வீடு, குழம்பு. அங்கே போனால் கடைசி ஆள், வெளியூரில் வாடகை அறை, ஆனால் பெரிய விமானம், பெரிய வானம்.

5

அக்காவை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அழுகிற அம்மாவாக எழுதினால் உங்களுக்கு வசதியாக இருக்கும். ஆனால் என் அக்கா அழுகிற ஜாதி இல்லை. ஆஸ்பத்திரி வார்டில் தலைமை நர்ஸ். யாருக்குப் பகல் டியூட்டி, யாருக்கு ராத்திரி என்று போடுவது அவள்தான். அவளுக்குப் பயந்து டாக்டர்களே குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். கோபம் வந்தால் அவள் பேசுவதை நிறுத்திக்கொள்வாள், அவ்வளவுதான். மகுடத்திலிருந்து கடிதம் வந்த நாளிலிருந்து மகளிடம் நேரடியாகப் பேசவில்லை. எதுவானாலும் என் வழியாக. நான் மாடியில் இருந்தால்கூடக் கூப்பிட்டு, "அவகிட்ட சொல்லு, சட்டை வந்துடுச்சு" என்பாள். சுண்டு அவள் பக்கத்திலேயே நிற்பாள்.

பேசாத அம்மாவுக்குப் புரியவைக்கத்தான் சுண்டு ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் டம்ளர்களைப் பரப்பினாள். பத்து டம்ளர், பத்து ஊர். எல்லா ஊரிலிருந்தும் எல்லா ஊருக்கும் நேராக விமானம் விடுவதென்றால் எத்தனை வழி தெரியுமா என்று என்னைக் கேட்டாள். நான் பென்சில் எடுத்துக் கோடு போட்டேன். நாற்பத்தைந்து. பாதி விமானம் காலியாகப் பறக்கும் என்றாள். பிறகு நடுவில் ஒரு பெரிய சட்டியை வைத்தாள். எல்லா டம்ளரிலிருந்தும் இந்தச் சட்டிக்கு வரட்டும், இங்கே இறங்கி மாறிப் போகட்டும். இப்போது எத்தனை வழி? பத்தே பத்து. எல்லா விமானமும் நிறையும். சின்ன ஊர்க்காரனுக்கும் எந்த ஊருக்கும் போக வழி கிடைக்கும்.

அந்தச் சட்டிக்கு ஹப் என்று பெயர். விமானங்கள் அங்கே கூட்டமாக வந்து இறங்குமாம், கூட்டமாகக் கிளம்புமாம். ஊர்கள் சேரச் சேர விமானம் பெரிதாகும், எண்ணிக்கையும் கூடும், அதற்கேற்ப விமானிகள் வேண்டும். வேலை இருப்பது சட்டியில்தான், டம்ளரில் இல்லை என்று முடித்தாள். எனக்கு நன்றாகவே புரிந்தது. அக்கா சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவகிட்ட கேளு. நடுச் சட்டில பனிமூட்டம் வந்தா பத்து டம்ளரும் பட்டினியா?"

"ஆமான்னு சொல்லு சித்தி."

"புதுசா சேர்ந்தவளுக்கு ஸ்டாண்ட்பைதானே போடுவான்? நான் அப்படித்தான் போடுவேன். யூனிபார்மை மாட்டிக்கிட்டு போன் எப்ப வரும்னு உக்காந்திருக்கணும். கேளு அவகிட்ட."

"ஆமான்னு சொல்லு."

அக்கா எழுந்து டம்ளர்களை ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். சட்டியை மட்டும் மேஜையிலேயே விட்டுவிட்டாள். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அது அங்கேயே இருந்தது.

6

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மேலேயே வந்திருக்கவேண்டும். திரும்பிப் போய்ச் செருகலாம்தான், ஆனால் சோம்பல்.

மகுடத்தில் கடிதம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை வைத்தார்கள். பொம்மை விமானம். தரையை விட்டு நகராது, ஆனால் உள்ளே உட்கார்ந்தால் எல்லாம் நிஜம். ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு, ஓட்டிக் காட்டு என்பார்கள். சுண்டு எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். ஆனால் ரேடியோவில் பேசும்போது "மகுடம்" என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் "தும்பி" என்று சொல்லிவிட்டாள். ஒரு தடவை இல்லை, மறுபடியும் மறுபடியும். கம்பெனி மாறும் விமானிகளுக்கு இது வருமாம். கை எந்தப் புது விமானத்துக்கும் பழகிவிடும், வாய் மட்டும் பழைய வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

எல்லாம் போச்சு என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஆனால் சோதித்தவர் சிரித்தாராம். "பரவால்லம்மா. நான் சேர்ந்து ஆறு மாசம் பழைய பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். மனசு வந்து சேர்ந்தப்புறம்தான் வாய் வரும்" என்றாராம்.

அந்த மனிதருக்கு இந்தக் கதையில் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார்.

7

வியாழக்கிழமை காலை இரண்டு முடிவுகளையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். சுண்டுவுக்கு அன்று ஓய்வு. அக்காவுக்கு மதியம்தான் டியூட்டி, சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

போகும் முடிவை முதலில் கொடுத்தேன். சுண்டு மௌனமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சித்தி, நான் போற முடிவுல ஏன் மழை பெய்யுது?"

தாளை என் பக்கம் நீட்டினாள்.

"ஆறிப்போன சோத்தை வேற சாப்பிடறேன். ஜன்னல்ல தண்ணி வழியுது. வேலை கிடைச்சுப் போறேனா, ஜெயிலுக்குப் போறேனா?"

மாட்டிக்கொண்டேன். போகும் முடிவு ஒன்றரைப் பக்கம், இருக்கும் முடிவு நான்கு பக்கம். எனக்கும் அவள் இங்கே இருக்கவேண்டும் என்றுதான் ஆசை. அதை ஏன் மறைக்கவேண்டும்? படி ஏறி வந்து தரையில் சப்பணமிட்டு உட்கார எனக்கு மட்டும் வேறு யார் இருக்கிறார்கள்? எழுதுகிறவள் நடுநிலையாக இருக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு அக்காள் மகள் கிடையாது என்று அர்த்தம்.

"சரி, மழையை எடுத்துடறேன். இதைப் படி" என்று மற்றதைக் கொடுத்தேன். "கடைசி வரியைச் சத்தமாப் படி. ரேடியோவுல அப்படித்தான் பேசுவீங்களான்னு தெரியணும்."

அந்த முடிவில் சுண்டு கேப்டன். காலை நேரம், எங்கள் சின்ன ஓடுபாதை, இடது இருக்கையை முன்னால் இழுத்துக்கொள்கிறாள். கடைசி வரி: "தும்பி நாலு ரெண்டு ஏழு, புறப்படத் தயார்."

சுண்டு முதுகை நிமிர்த்திக்கொண்டாள். அவளுடைய வேலைக் குரல் வந்தது. வீட்டில் நாங்கள் கேட்காத குரல் அது, நிதானமாக, அழகாக இருந்தது.

"மகுடம் நாலு ரெண்டு ஏழு, புறப்படத் தயார்."

படித்துவிட்டுத் தலையாட்டினாள். "சரியாத்தான் இருக்கு சித்தி. இப்படித்தான் சொல்லுவோம்."

அவளுக்குத் தெரியவே இல்லை. நான் தாளைப் பார்த்தேன். தும்பி என்றுதான் எழுதியிருக்கிறேன், கொட்டை எழுத்தில். சமையலறையில் கத்திச் சத்தம் நின்றுவிட்டது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசற்படியில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அத்தனை நாளுக்கப்புறம் முதல் தடவையாக மகளைப் பார்த்துப் பேசினாள்.

"அந்த மகுடம் நம்ம வீட்டு மேல வருமா?"

சுண்டு தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகம் சிவந்துவிட்டது.

"இங்க இறங்காதும்மா. ஆனா வடக்க போறது நம்ம ஊருக்கு மேலதான் போகும். ரொம்ப உயரத்துல. சத்தம்கூடக் கேக்காது."

"சத்தம் கேக்கலைன்னா போகுது. எத்தனை மணிக்குப் போகும்?"

சுண்டு தாளை மேஜையில் வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

"அடுப்பு பத்தவைக்கணும்ல, அதான் கேட்டேன்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுப் பீன்ஸ் நறுக்கப் போய்விட்டாள். நான்தான் அழுதேன். பேனா பிடிக்கிறவளுக்கு அந்த வரி வரவில்லையே என்ற பொறாமையும் அதில் கொஞ்சம் உண்டு.

8

ஆக, முடிவு தெரிந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். பொறுங்கள். நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை. வாய் தவறியதை முடிவு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று சுண்டுவே இன்னும் கீழே அம்மாவிடம் வாதாடிக்கொண்டிருக்கிறாள். நேரடியாகத்தான், நான் நடுவில் இல்லை. அவ்வப்போது சிரிப்புச் சத்தமும் மேலே வருகிறது. அதைக் கெடுத்துக்கொண்டு நான் ஒரு முடிவை எழுதப்போவதில்லை.

இரண்டு முடிவுகளையும் கிழித்துப் போட்டுவிட்டேன். மழை பெய்ததையும்தான். கடைசி வரியை மட்டும் வைத்திருக்கிறேன், முதல் சொல்லை எடுத்துவிட்டு. அதை உங்களிடம் கொடுக்கிறேன். யோசித்து நிரப்பாதீர்கள். முதுகை நிமிர்த்திக்கொண்டு சத்தமாகப் படியுங்கள். வாய் எதைச் சொல்கிறதோ அதையே எழுதிக்கொள்ளுங்கள்.

"________ நாலு ரெண்டு ஏழு, புறப்படத் தயார்."