ஆட்சேபணை இல்லை

பாலக்கரையில் ஜாஸ்லின் வீட்டு கிரைண்டர் காலை ஒன்பது மணிக்கு ஓட ஆரம்பித்தால் சாயங்காலம் நாலு மணி வரை ஓயாது. அப்படியே சாய்த்து மாவை வழிக்கிற பெரிய கிரைண்டர். அதில் அரைபடும் இட்லி மாவு காந்தி மார்க்கெட் பக்கம் இரண்டு மெஸ்ஸுக்கும், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மெஸ்ஸுக்கும் போகிறது. கிரைண்டர் முன்னறையில். உள்ளறையில், கட்டிலில், அவள் கணவன் பிராங்க்ளின். பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஜாஸ்லின் அரிசியை அள்ளிப் போடுவாள், உள்ளே போய் அவனைப் புரட்டிப் படுக்க வைப்பாள், திரும்பி வந்து மாவைத் தள்ளிவிடுவாள். வீட்டிலேயே தொழில் இருந்ததால்தான் இரண்டும் நடந்தது.

"எப்படிம்மா சமாளிக்கிறே?" என்று கோயிலில் கேட்கிறவர்களிடம் "ஓடுதுங்க" என்பாள். அதில் பொய்யில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது அவள் மனசு. அவன் விழுந்த நாளிலிருந்து அவள் ஒரு சொட்டு அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியம் ஒன்றுமில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாநகராட்சியிலிருந்து மணிமேகலை என்ற அதிகாரி வந்தாள். நகரமைப்புப் பிரிவு. நல்ல பெண், செருப்பை வாசலிலேயே கழற்றினாள். முன்னறையை டேப் வைத்து அளந்தாள். குனிந்து மோட்டாரில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்து நோட்டில் எழுதிக்கொண்டாள். உள்ளறையில் படுத்திருந்தவனைப் பார்த்ததும் அவள் குரல் தானாகத் தணிந்தது.

"உங்க தெரு குடியிருப்புப் பகுதியில வருதும்மா. வீட்டுல சின்னதா தொழில் பண்றதுக்கு ரூல்ல இடம் இருக்கு. ஆனா மோட்டார் பவர் இவ்வளவுதான்னு ஒரு அளவு உண்டு. உங்களுது அதைத் தாண்டுது."

"சின்ன கிரைண்டர் போட்டா மூணு மெஸ்ஸுக்கும் குடுக்க முடியாதுங்க."

"புரியுது. புகார் வந்ததால வந்தேன். ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்களும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்தா, மேல கேட்டுப் பாக்கறேன். பதினஞ்சு நாள் டயம். இல்லைன்னா நீங்க வேற இடத்துக்கு மாத்தித்தான் ஆகணும்."

வேற இடம் என்றால் அரியமங்கலம் பக்கம் ஏதாவது ஷெட். அங்கே போனால் இவனை யார் புரட்டிப் போடுவது? ஜாஸ்லின் அதைக் கேட்கவில்லை. அதிகாரியிடம் கேட்டு என்ன ஆகப் போகிறது? புகாரை மட்டும் பார்க்கலாமா என்று கேட்டாள். மணிமேகலை கொஞ்சம் தயங்கி, பேர் எழுதியிருந்த அடிப்பகுதியை மடித்துப் பிடித்துக்கொண்டு காட்டினாள்.

மடித்து என்ன பிரயோசனம்? அந்தக் குடும்பத்தில் நாற்பது வருடமாக எந்தக் கல்யாணப் பத்திரிகைக்கும், ஞானஸ்நானத்துக்கும், புதுநன்மைக்கும் உறை மேல் விலாசம் எழுதின கை அது. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அமிர்தசாமியின் கை. பிராங்க்ளினின் கூடப் பிறந்த அண்ணன், போன மே மாதம் ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார். புகாரில் ஒரு ஒற்றுப் பிழை கிடையாது.

கோபம் வந்திருக்க வேண்டும். தெருவில் இறங்கி நாலு வார்த்தை கேட்டிருந்தாலும் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஜாஸ்லின் "சரிங்க" என்று சொல்லி அதிகாரிக்கு மோர் கொடுத்தாள். பிறகு போய் மாவைத் தள்ளிவிட்டாள்.

இது என்ன பங்காளிக் காய்ச்சல் என்று கேட்டால், இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும். கிரைண்டர் வாங்கின புதிது. பிராங்க்ளின் நன்றாக இருந்தான். ஃபாதரை அழைத்து வந்து ஜெபம் சொல்லி மிஷினை மந்திரிக்க ஏற்பாடு. இவர்கள் வழக்கத்தில் ஒரு நல்ல காரியத்துக்கு அழைப்பதென்றால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமாகப் போக வேண்டும். தட்டில் பழமும் கல்கண்டும் வைத்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, அந்த வீட்டிலும் இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டும். இடது பக்கத்து வீட்டு சம்ரீன் குடும்பத்தை அப்படித்தான் போய் அழைத்தார்கள். அண்ணன் வீட்டுக்கு மட்டும் பிராங்க்ளின் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அண்ணே, நாளைக்குப் பத்து மணிக்கு ஃபாதர் வராரு, வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். கூடப் பிறந்தவனுக்கு என்ன தட்டு என்று நினைத்தான். கூடப் பிறந்தவனுக்குத்தான் தட்டு வேண்டும் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? சோம்பல், அவ்வளவுதான். அமிர்தசாமி வரவில்லை. பிறகு தம்பி விழுந்தபோதும் அந்த வாசல் ஏறவில்லை. அவர் ரிட்டயர் ஆகிப் பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபோது, வராமல் போன அந்த மந்திரிப்பு சுவர் வழியாக ஒன்பதிலிருந்து நாலு வரை அவர் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

சம்ரீன் கேட்டவுடனே கையெழுத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ஜாஸ்லின் ஒரு தட்டில் ஆறு வாழைப்பழமும் கல்கண்டும் வைத்து எடுத்துக்கொண்டு வலது பக்கத்து வாசல் ஏறினாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனாலும் போனாள்.

அமிர்தசாமி தட்டைப் பார்த்தார். அவர் மனைவி பெலிண்டா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அத்தான், அக்கா, ரெண்டு பேர்கிட்டயும் சொல்ல வந்தேன்" என்றாள் ஜாஸ்லின். "அன்னிக்கு முறையா வந்து கூப்பிடல. எங்க தப்புதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"மிஷின நிறுத்தணும்னு எழுதலம்மா. ஒரு நோட்டீஸ் வந்தா ரெண்டு பேரும் வந்து என்னன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"அவர் எப்படிங்க வருவாரு?"

பெலிண்டா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அமிர்தசாமி உடைந்து அழுதார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா? ஜாஸ்லின் மட்டும் தட்டை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அழுதது அவளுக்குப் பக்கத்து வீட்டு டிவி மாதிரிதான் கேட்டது. அதே மணி மணியான எழுத்தில் இரண்டு கடிதம் எழுதிக் கொடுத்தார். ஒன்று புகாரைத் திரும்பப் பெறுவதாக, இன்னொன்று தமக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்பதாக.

மணிமேகலை மூன்று கடிதத்தையும் ஃபைலில் வைத்து மேலே கொண்டுபோனாள். நாலாம் நாள் ஜாஸ்லினை அலுவலகத்துக்கு வரச் சொன்னாள்.

"முடியாதுன்னுட்டாங்கம்மா. புகாரத் திருப்பி வாங்கிக்கலாம். அளந்தத திருப்பி வாங்க முடியாது. மோட்டார் பவர் ஃபைல்ல ஏறிடுச்சு."

"சரிங்க."

"அன்னிக்கு நான் அந்தத் தகட்டப் பாக்காம வந்திருக்கலாம்" என்றாள் மணிமேகலை. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல ஃபைலை மூடினாள்.

விஷயத்தைக் கேட்டதும் அமிர்தசாமி சாப்பாட்டை விட்டு எழுந்து வந்தார். "நீ ஷெட்டப் பாரு. தம்பிய நாங்க பாத்துக்கறோம்" என்றார். சொன்னபடி செய்யவும் செய்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரைத் தலைப்பிலிருந்து வரி விளம்பரம் வரை வாசித்துக் காட்டினார். பெலிண்டா கஞ்சி ஊட்டினாள். பிராங்க்ளின் கண் மட்டும் ஜாஸ்லின் போகிற பக்கமெல்லாம் போனது. முதல் நாள் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது இடது கையால் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டான். விரல் விரலாகப் பிரித்துவிட்டுத்தான் போனாள்.

அரியமங்கலம் ஷெட் தகரக் கூரை போட்டது. ஒரு பக்கம் லேத் பட்டறை, மறுபக்கம் பூட்டிய கோடவுன். கிரைண்டர் இங்கே எவ்வளவு ஓடினாலும் கேட்க ஆளில்லை. அன்று மத்தியானம் பட்டறைக்காரர் வெள்ளைச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"கரண்டெல்லாம் ஒழுங்கா வருதாங்க?"

"வருதுங்க."

"தனியாவா பாக்கறீங்க? வீட்டுக்காரரு என்ன பண்றாரு?"

"அவர் இல்லைங்க" என்றாள் ஜாஸ்லின்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் சொன்னது. வெள்ளைச்சாமி முகம் வாடிவிட்டது. "அடடா. எத்தன வருஷமாச்சு?"

"ஒண்ணரை வருஷங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். ஓடிப்போய், "இல்லைங்க, இருக்காரு, பாலக்கரையில படுத்திருக்காரு" என்று சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். ஜாஸ்லின் போகவில்லை. காலையில் பஸ் ஏறினதிலிருந்து தான் ஒரு தடவைகூட அவனை நினைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது அவளுக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தைக் கண்டு பயமாகவும் இருந்தது. ஒன்றரை வருடத்தில் அவள் உணர்ந்த முதல் இரண்டு விஷயங்கள் அவைதான்.

மூன்றரைக்கெல்லாம் அரைத்து முடித்துவிட்டாள். மெஸ்காரர்களின் ஆட்டோ வந்து தூக்குகளை ஏற்றிக்கொண்டு போனது. கல்லைக் கழுவி, தரையைக் கழுவி, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நாலு மணி பஸ் போகிற சத்தம் கேட்டது. ஐந்து மணி பஸ்ஸும் போனது. செல்போன் அடித்தது. அமிர்தசாமி.

"ஏம்மா, இன்னும் முடியலையா? அவன் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கான்."

"இன்னும் ஒரு ஈடு இருக்கு அத்தான்" என்று சொல்லி ஜாஸ்லின் போனை வைத்தாள். அவள் ஆறு மணி பஸ்ஸில்தான் ஏறினாள்.