மூன்று விதமாய்ச் சொன்ன ஆட்டம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் திருடத்தான் நினைத்தேன். பக்கத்து வீட்டு ராய்ஸ் ஹலாமா, தான் பனியில் ஆடிய ஒரு ஃபுட்பால் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னான். கேட்க ஜோராக இருந்தது. ஆள் பெயரை மாற்றி, என் சொந்தக் கற்பனை மாதிரி ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினேன். அது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதைத்தான் நீங்கள் இப்போது படிக்கப் போகிறீர்கள். பெயரைக்கூட மாற்றவில்லை. ராய்ஸே வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"என் பேரையே போடுய்யா. உயரத்துல மட்டும் ரெண்டு அங்குலம் கூட்டிக்க."

கூட்டிவிட்டேன். இந்தக் கதையில் அவன் ஆறடி ஆறு அங்குலம்.

[கால்பந்து என்று எழுதினால் நீங்கள் காலால் உதைப்பதை நினைத்துக்கொள்வீர்கள். இது அதில்லை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி முட்டி மோதுகிற அமெரிக்க ஆட்டம். ஃபுட்பால் என்றே வைத்துக்கொள்கிறேன்.]

2

தொடக்கம் ஒன்று: ராய்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்தபோது—

(அடித்துவிட்டேன். ராய்ஸ் எழுவது ஒரு வாக்கியத்தில் அடங்குகிற காரியமில்லை. முதலில் மேசையைப் பிடிப்பான். மேசை தாங்குமா என்று யோசிப்பான். இரண்டு முட்டியும் செயற்கை முட்டி, அவை இரண்டும் ஒரே நேரத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் நான் ஒரு காபி குடித்துவிடலாம்.)

தொடக்கம் இரண்டு: பதினோரு வருடம் சம்பளத்துக்கு ஃபுட்பால் ஆடிய ஒருவனின் விரல்கள்—

(இதுவும் சரிப்படவில்லை. அவன் வலது கையில் ஒரு விரல்கூட நேராக இல்லை. சாப்பாட்டு மேசையில் "அதை எடு" என்று கை நீட்டினால் ஒருவர் உப்பை எடுப்பார், ஒருவர் மிளகை எடுப்பார், நான் எழுந்துபோய் கதவைச் சாத்துவேன்.)

தொடக்கம் மூன்று: ஐம்பத்திரண்டு வயதில் ராய்ஸ் மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்குகிறான், கழுத்து திரும்பாததால் கூப்பிட்டால் ஆளே மொத்தமாகத் திரும்புகிறான், சட்டைப் பொத்தானை மனைவி மார்லா போட்டுவிடுகிறாள்.

இது நிற்கட்டும்.

களத்தில் அவன் நடு ஆள். குனிந்து, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் இருப்பவனிடம் கொடுக்க வேண்டும். கொடுத்த மறுநொடி எதிரே நிற்கும் நூற்றைம்பது கிலோ மனிதனோடு மண்டையோடு மண்டை மோத வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு அறுபது, எழுபது தடவை. பள்ளிக்கூடத்திலிருந்து கணக்கெடுத்தால் எவ்வளவு வரும் என்று ஒருநாள் காகித உறையில் பெருக்க ஆரம்பித்தேன். பாதியில் மார்லா உறையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

இப்போது அவன் எங்கள் ஊராட்சியின் பனிவண்டி ஓட்டுகிறான். அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தால் முட்டியும் தெரியாது, விரலும் தெரியாது. பத்தடி அகலத் தகடு முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டு போகும். மறுபடியும் நடு ஆள் ஆகிவிட்ட மாதிரி இருக்கிறதாம். போன டிசம்பரில் ஒரே காலையில் எங்கள் தெருப் பனியை மூன்று முறை தள்ளிவிட்டான். தெருவே கூடி அவனுக்கு ஒரு பாட்டில் பிராந்தி வாங்கிக் கொடுத்தோம்.

3

இனி அந்த ஆட்டம். ராய்ஸ் சொல்லச் சொல்ல நான் தமிழில் நோட்டில் குறித்துக்கொண்டேன். அவன் இங்கே தமிழில் பேசுகிறானே என்று கேட்காதீர்கள். விஸ்கான்சின்காரன் பேசுவதை அப்படியே எழுதினால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போன இடத்தில்:

"பனி கொட்டுது. எவன் சட்டை என்ன நிறம்னே தெரியல. ஒருத்தன் வந்து மோதுனான் பாரு, காதுக்குள்ள தேவாலய மணி அடிச்சுது. எந்திரிச்சேன். நம்ம பசங்க வட்டமா நின்னு பேசிக்கிட்டிருந்தாங்க. நானும் போய் தலையைக் குடுத்தேன். ஒருத்தன் என் முதுகைத் தட்டி, 'அண்ணே, உங்க வீடு அந்தப் பக்கம்'னான். அது எதிராளிங்க வட்டம்யா!"

நான் சிரித்த சிரிப்பில் மீன் புரையேறியது.

ஜூலை மாதம், அவன் வீட்டுக் கொல்லையில் சாசேஜ் சுட்டுக்கொண்டே:

"எதிராளிங்க வட்டத்துல போய் நின்னது டெரோன். எனக்கு இடப்பக்கம் ஆடுவானே, அவன்தான். நான்தான் ஓடிப்போய் அவன் பெல்ட்டைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். 'விடுடா, முக்கியமான விஷயம் பேசறாங்க'ங்கறான்."

இது முதலாவதைவிட நன்றாக இருந்தது. இவன் எழுத்தாளன்டா என்று நினைத்தேன். நான் நாலு தடவை திருத்தி எழுதுவதை இவன் சாசேஜைத் திருப்பிக்கொண்டே செய்கிறானே என்று பொறாமைகூட வந்தது.

நவம்பர் மாதம், என் வீட்டுச் சமையலறையில்:

"நான் உங்கிட்ட இதைச் சொன்னதே இல்லைல்ல? பனியில ஒரு ஆட்டம். நான் களத்துல இல்ல. முட்டி வீங்கி வெளியில உக்காந்திருந்தேன். எனக்குப் பதிலா எறங்குன பொடியன் ஒருத்தன், அடிபட்டு நேரா எதிராளிங்க வட்டத்துக்குப் போயிட்டான். பாவம். அவன் பேரு... அவன் பேரு வந்து..."

பெயர் வரவில்லை. நான் நோட்டின் ஓரத்தில் "அருமை! கதாநாயகன் தன் கதையிலிருந்தே விலகிக்கொள்கிறான்" என்று எழுதி, இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன். அந்தக் கோடுகளைப் பார்க்க இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4

இந்த இடத்தில் கதை என் கையை மீறிவிட்டது. போன திங்கட்கிழமை மத்தியானம் மார்லா வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து, தலையில் வலைத்தொப்பியோடு அப்படியே வந்திருந்தாள்.

"உங்க நோட்டு எனக்கு வேணும்."

"எந்த நோட்டு?"

"அந்த மனுஷன் சொல்றதையெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களே, அது. வியாழக்கிழமை மூளை டாக்டரைப் பாக்கப் போறோம்."

"டாக்டரே பரீட்சை வைப்பாரே, மார்லா."

அவள் சிரித்த சிரிப்பு நன்றாக இல்லை. "பரீட்சையா? பரீட்சையில அவரை யாராச்சும் ஜெயிக்க முடியுமா?"

[இதை விளக்கியாக வேண்டும். ராய்ஸ் ஆடிய காலத்தில், பருவம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் கணினியில் ஒரு ஞாபகப் பரீட்சை வைத்தார்கள். பிற்பாடு தலையில் அடிபட்டால் மறுபடி அதே பரீட்சை. மதிப்பெண் குறைந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான். அணியின் அண்ணன்மார்கள் என்ன செய்தார்கள்? முதல் பரீட்சையிலேயே வேண்டுமென்று கோட்டை விட்டார்கள். ராய்ஸுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது டெரோன். "ஆரம்பத்துலயே முட்டாளா இருந்துடு மச்சான், அப்புறம் எவனும் உன்னை முட்டாளாயிட்டேன்னு சொல்ல முடியாது."]

"போன தடவை போனப்ப அந்தப் பழைய மார்க்கை எடுத்து வச்சு ஒப்பிட்டாங்க," என்றாள் மார்லா. "முப்பது வயசுல இருந்ததைவிட இப்ப புத்திசாலியா இருக்காராம்! டாக்டரம்மா பாராட்டறாங்க. நான் சுவத்துல முட்டிக்கிட்டேன்."

"இப்ப வைக்கிற பரீட்சை?"

"மூணு வினாத்தாள் வச்சிருக்காங்க, மாத்தி மாத்திக் குடுப்பாங்க. மூணுலயும் என்னென்ன வார்த்தை வரும்னு டெரோன் போன்ல சொல்லிட்டான். அவனும் அங்க லூசியானாவுல அதே பரீட்சை எழுதறான்ல. இவரு குளிக்கிறப்ப நெட்டுரு போடறாரு. கம்பளம், எலுமிச்சை, குதிரை, பாலம், ஊதா. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"டிசம்பர்ல உங்க தெருவை மூணு தடவை தள்ளினாரே, உங்க மேல பாசத்துலன்னு நெனச்சீங்களா? தள்ளினது மறந்துபோச்சுங்க. பனிமேட்டுல பசங்க குகை தோண்டி உக்காந்து விளையாடுதுங்க. முதல் தடவை யாரும் இல்ல. மூணாவது தடவை அந்த மேட்டை இடிக்கிறப்ப உள்ள ஒரு புள்ளை இருந்திருந்தா?"

பிராந்தி பாட்டிலுக்கு வசூல் பண்ணியதே நான்தான்.

"அவரு நெட்டுரு போடாத விஷயம் உங்க நோட்டுல மட்டும்தான் இருக்கு," என்றாள். "படிக்கத் தெரிஞ்சவரும் நீங்க ஒருத்தர்தான். டாக்டர்கிட்ட வந்து படிச்சுக் காட்டுங்க. ஒரே கதையைத்தான் சொல்றாரா, வேற வேறயா?"

புதன்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன்.

5

கதாநாயகன் மீது சந்தேகம் வந்தால் எழுத்தாளன் என்ன செய்ய வேண்டும்? விசாரிக்க வேண்டும். அந்த ஆட்டத்தின் பழைய ஒளிப்பதிவைத் தேடிப் பிடித்தேன். பனி கொட்டுகிறது. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. பந்தைக் கொடுத்துவிட்டுக் கீழே கிடப்பவனை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வட்டம் கூடுகிற நேரத்தில் லாரி விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

டெரோனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"எதிராளிங்க வட்டத்துல போய் நின்னது யாருங்க? நீங்களா, ராய்ஸா?"

கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு பெரிய சிரிப்பு. "என்னைக் கேக்கறியே தம்பி! நானும் அதே ஆட்டத்துலதானே ஆடினேன்?"

வைக்கும் முன் ஒன்று சொன்னார். "ராய்ஸ்கிட்ட எதுவும் கேக்காத. கேட்டா யோசிப்பான். யோசிச்சா பயந்துடுவான். நான் பயந்த மாதிரி."

(இங்கே ஃபுட்பாலையும் மூளையையும் பற்றி ஒரு கட்டுரைப் பத்தி எழுதி வைத்திருந்தேன். புள்ளிவிவரம், கோபம், எல்லாம் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமைகூட ராய்ஸோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக் கத்தியவன் நான். எந்த முகத்தோடு அதைப் போடுவது? எடுத்துவிட்டேன்.)

6

இன்று புதன்கிழமை. கதையின் கடைசிப் பகுதியை எழுத உட்கார்ந்தேன், கதாநாயகனே கதவைத் தட்டிவிட்டான். வந்து, மேசையைப் பிடித்து, யோசித்து, உட்கார்ந்தான்.

"மார்லா உன் நோட்டைக் கேட்டாளாமே."

"கேட்டாங்க."

"குடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப எனக்குப் படிச்சுக் காட்டு. நாளைக்கு அதுலேர்ந்து கேள்வி வந்தா நான் தயாரா இருக்கணும்ல? எதிராளி என்ன ஆடப்போறான்னு முன்னாடியே பாத்துக்கறது தப்பா?"

படித்தேன். தமிழைப் பார்த்துப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன். மார்ச் மாதத்துக்கு வயிறு குலுங்கச் சிரித்தான். ஜூலைக்கு மேசையைத் தட்டினான், "டெரோன் அப்படித்தான் சொல்லுவான், படவா!" என்றான். நவம்பருக்குச் சிரிக்கவில்லை.

"இதுவும் நான் சொன்னதா?"

"ஆமா."

"நீயா எதுவும் சேத்துக்கலையே? கதை எழுதறவங்க சேப்பீங்களே."

"உயரத்தைத் தவிர எதையும் சேக்கல."

கோணல் விரல்களால் நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினான். பிறகு கேட்டான், "இதுல எதுய்யா நடந்தது?"

"அதை நீதானே சொல்லணும்?"

"நீதானே எழுதினே?"

"நீ சொன்னதைத்தான் எழுதினேன், ராய்ஸ்."

"மூணுமே எனக்கு ஞாபகம் இருக்கு," என்றான். "மூணுலயும் பனி விழுது. மூணுலயும் குளுருது. நீ படிக்கப் படிக்க ஒவ்வொண்ணும் நெஜமா இருக்கு." குரல் சின்னதாகிவிட்டது. இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து நான் கேட்டதில்லை. "ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லுய்யா. எதுவா இருந்தாலும் பரவால்ல. சொன்னேன்னா நாளைக்குள்ள நெட்டுரு போட்டுடுவேன். வண்டி மட்டும் போயிடக் கூடாது. அது போச்சுன்னா இந்த உடம்பை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

அவன் மேல் கோபமாகவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

7

முடிவு அ: நாளை நான் போய் மூன்றையும் டாக்டரம்மாவிடம் படிக்கிறேன். வண்டிச் சாவி போகிறது. மார்லா அன்றைக்காவது தூங்குகிறாள். ராய்ஸ் என்னிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறான். [வேறு காரணத்தாலும் நிறுத்தலாம். அதை நான் எழுதப் போவதில்லை.]

முடிவு ஆ: மார்ச் மாதத்து ஆட்டத்தையே நடந்ததாகச் சொல்லிக் கொடுக்கிறேன். அவன் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறான், மீண்டும் முழு மதிப்பெண். வெள்ளிக்கிழமை எட்டு அங்குலம் பனி என்று வானொலியில் சொல்லியிருக்கிறார்கள். மார்லா சன்னலோரம் நின்று, அந்த வண்டி எந்தத் தெருவுக்கு எத்தனையாவது தடவையாகப் போகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

முடிவு இ: ராய்ஸ் தானே எழுந்து, நோட்டை எடுத்துக்கொண்டுபோய் மார்லாவின் கையில்—

(இதை எழுதத்தான் எனக்கு ரொம்ப ஆசை. எழுதினால் நான் எந்தப் பொறுப்பும் இல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம். அதனாலேயே அடித்துவிட்டேன்.)

ராய்ஸ் இன்னும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், என்ன எழுதுகிறேன் என்று தெரியாமல். முடிவை எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறான்.

இந்த ஊரில் இந்த நோட்டைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இப்போது நீங்களும் படித்துவிட்டீர்கள். மூன்று முடிவில் உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். மெதுவாகச் சொல்லுங்கள். அவன் காதில் விழுந்தால் அதையும் நெட்டுரு போட்டுவிடுவான்.